புறப்படும் நாளுக்கு ஆயத்தமா?

வேதபாடம்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: 2 இராஜாக்கள் 20-ம் அதிகாரம், 21:1, சங்கீதம் 90, 2 தீமோத்தேயு 4:6-22



நம்முடைய சபைகளிலே வருகையைக் குறித்துப் பிரசங்கம் உண்டு. சுகத்தைக் குறித்து, அபிஷேகத்தைக் குறித்து, ஆசீர்வாதத்தைக் குறித்துப் பிரசங்கம் உண்டு. ஒரு விசுவாசி எப்படி மரிக்க வேண்டும் என்று போதிக்கிற பாடம் மட்டும் அபூர்வம். அடக்க ஆராதனையில் அதைப் பேசுகிறோம். ஆனால் அப்போது அதைக் கேட்டிருக்க வேண்டியவர் பெட்டிக்குள்ளே இருக்கிறார். ஆகவே சுகத்தோடும் பெலத்தோடும் இருக்கிற நமக்காகவே இந்தப் பாடம். வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வசனங்களை எடுத்துப் பார்த்து வாசியுங்கள்.

1. மரணத்தைப் பற்றிப் பேசுவது அவிசுவாசமா?

வியாதியஸ்தர் வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறோம். கட்டிலில் படுத்திருக்கிற தாயார் மெல்ல, "ஐயா, எனக்கு நேரம் வந்துட்டது போல இருக்கு" என்கிறார். உடனே சுற்றி நிற்கிறவர்கள், "அப்படிச் சொல்லாதீங்கம்மா! வாயினாலே அறிக்கை பண்ணக் கூடாது! ஒண்ணும் ஆகாது!" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். கை வைத்து, சத்தமாய் ஜெபித்து, ஒரு பாட்டுப் பாடி, காப்பி குடித்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்தத் தாயார் சொல்ல நினைத்தது என்ன? மூத்த மகனோடு பேசாமல் இருக்கிற இளைய மகனைப் பற்றியா? யாருக்கோ கொடுக்க வேண்டிய பணத்தைப் பற்றியா? மனதுக்குள்ளே இருக்கிற ஒரு பயத்தைப் பற்றியா? யாருக்கும் தெரியாது. பத்து நாளில் அவர் போய்விட்டார் என்றால், அந்த வார்த்தைகளும் அவரோடேயே போய்விட்டன.

சுகத்துக்காக ஜெபிப்பது வேதப்படி சரி. யாக்கோபு 5:14, 15 அதைச் சொல்லுகிறது. அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் 2 இராஜாக்கள் 13:14-ஐத் திறந்து பாருங்கள். எலியாவின் ஆவியில் இரட்டிப்பான பங்கு கேட்ட எலிசா, வியாதிப்பட்டு, அந்த வியாதியிலேயே மரித்தார் என்று அங்கே எழுதியிருக்கிறது. சூனேமியாளின் மகனை எழுப்பியவர், நாகமானின் குஷ்டத்தை நீக்கியவர், அவரே படுக்கையில் மரித்தார். அவருக்கு விசுவாசம் குறைந்துபோயிற்றா? அதே அதிகாரம் 21-ம் வசனத்தில், அவருடைய எலும்புகள் பட்டு ஒரு மரித்தவன் உயிரடைந்தான்! வியாதியில் மரித்தவருடைய எலும்பிலும் வல்லமை இருந்தது. ஆகவே ஒரு பரிசுத்தவான் சுகம் பெறாமல் மரித்தால், "எங்கேயோ பாவம் இருக்கு, விசுவாசம் பத்தலை" என்று பேசுகிற நாவை நாம் அடக்க வேண்டும்.

"பாஸ்டர், கர்த்தர் சீக்கிரம் வருகிறார், நாம மரிக்கவே மாட்டோம்" என்று சொல்லுகிற சகோதரர்களும் உண்டு. வருகையின் நம்பிக்கை நமக்கும் இருக்கிறது. அதே நம்பிக்கை பவுலுக்கும் இருந்தது. 1 தெசலோனிக்கேயர் 4-ல் உயிரோடிருந்து கர்த்தரைச் சந்திக்கிறவர்களோடு தன்னையும் சேர்த்தே பேசுகிறார். ஆனால் 2 தீமோத்தேயு 4:6-ல் தன் புறப்பாட்டின் காலம் வந்துவிட்டது என்று அமைதியாய் எழுதுகிறார். அந்த நிருபத்திலும் வருகையின் ஆசை குறையவில்லை (வசனம் 8). வருகைக்கு ஆயத்தமாய் இருக்கிறவன் மரணத்துக்கும் ஆயத்தமாய் இருக்கிறான். இரண்டுக்கும் ஆயத்தம் ஒன்றே.

2. எசேக்கியாவுக்குக் கிடைத்த 15 வருஷம்

எசேக்கியா ராஜா நல்லவர். ஜெபிக்கிறவர். அவர் வியாதிப்பட்டபோது ஏசாயா தீர்க்கதரிசி வந்து இரண்டு காரியங்களைச் சொன்னார். ஒன்று, நீர் பிழைக்கமாட்டீர். இரண்டு, உம்முடைய வீட்டை ஒழுங்குசெய்யும். ராஜா சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுது ஜெபித்தார். கர்த்தர் மனமிரங்கி 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். இந்த இடத்தில் நாம் அல்லேலூயா சொல்லிவிட்டு வேதத்தை மூடிவிடுகிறோம். தொடர்ந்து வாசித்தால் என்ன தெரிகிறது?

முதல் காரியத்துக்காக அவர் அழுதார். இரண்டாம் காரியத்தை, அதாவது வீட்டை ஒழுங்குசெய்வதை, அவர் செய்ததாக அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. சுகமான பின்பு பாபிலோனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தன் பொக்கிஷசாலையை எல்லாம் திறந்து காட்டினார். ஏசாயா மறுபடியும் வந்து, இவை எல்லாம் பாபிலோனுக்குப் போகும், உன் சந்ததியும் போகும் என்றார். ராஜாவின் பதிலைக் கவனியுங்கள் (20:19). என் நாட்களில் சமாதானம் இருக்குமே, அது போதும் என்ற அர்த்தத்தில் பேசுகிறார். பிள்ளைகளைப் பற்றி அழவில்லை. சுவர்ப்புறம் திரும்பவில்லை.

அடுத்த அதிகாரம் முதல் வசனம்: மனாசே ராஜாவாகிறபோது 12 வயது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கூட்டிக் கொடுக்கப்பட்ட 15 வருஷத்துக்குள்ளே பிறந்த பிள்ளை அவன். 55 வருஷம் ஆண்டு, தேசத்தையே விக்கிரகங்களால் நிரப்பினான். தகப்பனுக்கு ஆயுசு கூடிற்று. வீடு ஒழுங்காகவில்லை.

பிரியமானவர்களே, நாம் கர்த்தரிடத்தில் வருஷங்களைக் கேட்கிறோம். ஆப்பரேஷன் நல்லபடியாய் முடிய வேண்டும், சுகர் இறங்க வேண்டும், இன்னும் பத்து வருஷம் வேண்டும் என்கிறோம். கேளுங்கள், தவறில்லை. ஆனால் கிடைத்த வருஷத்தை என்ன செய்தோம்? அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர் அதே பகையோடு, அதே கடனோடு, அதே ஜெபமில்லாத ராத்திரிகளோடு வாழ்ந்தால், அந்த வருஷங்கள் எதற்கு?

சங்கீதம் 90-ல் மோசே ஆயுசை 70, பெலத்தின் மிகுதியால் 80 என்று கணக்கிடுகிறார். அது எல்லாருக்கும் எழுதிக் கொடுத்த பத்திரம் அல்ல. நம்முடைய எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பாரதியார் 1921 செப்டம்பரில் மறைந்தபோது அவருக்கு 38 வயதுதான். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தது. 2023 டிசம்பர் 17, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, நம்முடைய மாவட்டத்தில் மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. சனிக்கிழமை ராத்திரி படுத்தவர்களில் யாருக்கு இது தெரிந்திருந்தது? ஆகையால்தான் மோசே அந்தச் சங்கீதத்தில் நீண்ட ஆயுசைக் கேட்காமல், நாட்களை எண்ணுகிற அறிவைக் கேட்கிறார் (வசனம் 12).

3. நம்முடைய சீமையில் இரண்டு புறப்பாடுகள்

மரணம் இரண்டு விதமாய் வரலாம். திடீரென்று வரலாம். அல்லது வருஷக்கணக்காய் வாசலிலே நிற்கலாம். இரண்டுக்கும் நம்முடைய பழைய திருநெல்வேலிச் சீமையிலேயே சாட்சி இருக்கிறது. அவர்கள் நம்முடைய சபைப் பிரிவைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஆனாலும் நாம் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, தாமஸ் கஜேத்தன் ராக்லாந்து. 1815-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உயர்ந்த பதவியில் இருந்தவர். அதை விட்டு இந்தியாவுக்கு வந்து, முதலில் சென்னையில் மிஷன் அலுவலக வேலை பார்த்தார். 1854-ல் வட திருநெல்வேலியில் கூடாரம் அடித்து, கிராமம் கிராமமாய்ப் போகிற ஊழியத்தைத் தொடங்கினார். ஃபென், மெடோஸ் என்ற இரண்டு ஊழியர்கள் அவரோடு சேர்ந்தார்கள். கரிசல் காட்டு வெயிலில் கூடாரத்துக்குள்ளே வாழ்வது எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரோ பலவீனமான சரீரம் உள்ளவர். யோவான் 12:24-ல் ஆண்டவர் சொன்ன கோதுமை மணியின் உவமை அவருக்கு ஜீவனாய் இருந்தது. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் நுரையீரலிலிருந்து இரத்தம் வந்து, சற்று நேரத்துக்குள் கர்த்தரிடம் போனார். வயது 43. நாற்பதுகளில் இருக்கிற எனக்கு இந்த எண் சும்மா கடந்துபோகிற எண்ணாய் இல்லை. அவர் கண்ணாலே கண்ட அறுவடை மிகக் கொஞ்சம். அந்த நாளில் உட்கார்ந்து ஆயத்தப்பட அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. முன்னமே ஆயத்தமாய் இருந்தார்.

இரண்டாவது, டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1867-ல் அயர்லாந்தில் பிறந்து, 1901 முதல் டோனாவூரில் பிள்ளைகளைக் காத்து வளர்த்தவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார்கள். அதற்குப் பிறகு 1951 ஜனவரி 18-ல் கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் ஒரே அறைக்குள்தான் ஜீவியம். ஜெபிக்கத் தெரியாதவரா அவர்? ஊழியமெல்லாம் ஜெபத்தினாலே நடத்தியவர். சுற்றிலும் ஜெபிக்கிற பிள்ளைகள். ஆனாலும் எழுந்து நடமாடுகிற பழைய ஜீவியம் திரும்பவில்லை. அந்தப் படுக்கையில் இருந்துகொண்டே பல புத்தகங்களை எழுதினார்கள். ராக்லாந்தின் சரித்திரத்தைப் புத்தகமாய் எழுதியவரும் இதே அம்மையார்தான். அதை விழுவதற்கு முன்னமே எழுதியிருந்தார்கள். தன்னுடைய கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று முன்னமே சொல்லி வைத்தார்கள். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு தொட்டியை வைத்து, "அம்மா" என்ற ஒரு வார்த்தையைப் பொறித்தார்கள்.

ஒருவருக்குச் சற்று நேரம். ஒருவருக்கு இருபது வருஷம். நமக்கு எது வரும் என்று நாம் தெரிந்தெடுக்க முடியாது. ஆனால் இருவரிடத்திலும் ஒன்று பொதுவாய் இருந்தது. கடைசி நாளில் செய்ய வேண்டியதை அவர்கள் சாதாரண நாட்களிலேயே செய்து பழகியிருந்தார்கள். இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்: மரணப்படுக்கையில் புதிதாய் ஒன்றும் வராது. பழகினதுதான் வரும். வாழ்நாளெல்லாம் புலம்பிப் பழகின நாவு அங்கேயும் புலம்பும். ஸ்தோத்திரம் சொல்லிப் பழகின நாவு, நினைவு தப்பினாலும் ஸ்தோத்திரம் சொல்லும்.

நம்முடைய மானாவாரி விவசாயிகளுக்கு இது தெரியும். புரட்டாசியில் புழுதியிலேயே விதைத்துவிடுவார்கள். மழை இறங்கினபிறகு மாடு தேடி, விதை தேடி ஓடுகிறவன் அந்த வருஷம் விளைச்சல் எடுக்கமாட்டான்.

4. ஐந்து பழக்கங்கள்

(அ) ராத்திரி ஒப்புக்கொடுத்தல். சிலுவையில் நம்முடைய ஆண்டவர் கடைசியாய்ச் செய்த ஜெபம் சங்கீதம் 31:5-லிருந்து வந்தது (லூக்கா 23:46). யூதர்கள் படுக்கைக்குப் போகும்போது சொல்லுகிற ஜெபத்தில் இந்த வசனம் இன்றைக்கும் உண்டு. தூங்கப் போகிறபோது தன் ஆவியைத் தேவனுடைய கையில் கொடுக்கிற வார்த்தை அது. நீங்களும் செய்யுங்கள். பாய் விரித்தபின் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். அன்றைய நன்மைக்கு நன்றி சொல்லுங்கள். அன்றைய பாவத்தைப் பேர் சொல்லி அறிக்கையிடுங்கள். மனதை வருத்தினவரை மன்னியுங்கள். பிறகு உங்கள் ஆவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படுங்கள். வருஷத்துக்கு 365 தடவை. கடைசித் தடவை வரும்போது அது பழகின வேலையாய் இருக்கும்.

(ஆ) மனப்பாடம். வியாதி பெருகும்போது வேதத்தை வாசிக்கக் கண் இராது. நீண்ட ஜெபம் செய்ய மூச்சு இராது. உள்ளே வைத்ததுதான் அப்போது உதவும். சங்கீதம் 23, 91, 121 இவைகளை இந்த வருஷம் குடும்பமாய் மனப்பாடம் பண்ணுங்கள். மூச்சு வாங்குகிறவனும் சொல்லக்கூடிய ஒரு சின்ன ஜெபத்தை இப்போதே பழகுங்கள். "இயேசுவே, நான் உம்முடையவன்" என்றால் போதும்.

(இ) கணக்குத் தீர்த்தல். நம்மில் அநேகருக்குக் கைமாற்று உண்டு, மகளிர் குழுக் கடன் உண்டு, சீட்டு உண்டு, நகை அடகில் உண்டு. தீப்பெட்டி ஆபீஸில் வாங்கின முன்பணம் உண்டு. யாருக்கு எவ்வளவு, யாரிடத்தில் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் ஒருவருக்காவது காட்டுங்கள். பரலோகத்துக்குப் போன தகப்பனுடைய வீட்டு வாசலிலே கடன்காரர் வந்து நின்று, "உங்க அப்பா பெரிய விசுவாசின்னு சொன்னாங்களே" என்று பிள்ளைகளைக் கேட்கும்படி விடக் கூடாது. பணக் கணக்கைப் போலவே பகைக் கணக்கு. ஸ்தேவான் கல்லெறியப்படுகிற நேரத்திலும் தன்னைக் கொல்லுகிறவர்களை மன்னித்தார் (அப்போஸ்தலர் 7:60). அந்த நிமிஷத்தில் எங்கிருந்தோ வந்து இறங்கின குணமா அது? ஆண்டவரிடத்தில் கற்றுப் பழகினது. வரப்புத் தகராறில் பத்து வருஷமாய்ப் பேசாத அண்ணன் தம்பி நம் சபைகளில் இல்லையா? ஒரே வரிசையில் திருவிருந்து எடுக்கிறோமே! இந்த மாதத் திருவிருந்துக்கு முன்னே போய்ப் பேசுங்கள்.

(ஈ) சொல்ல வேண்டியதைச் சொல்லுதல். யாக்கோபு தன் குமாரரைக் கூட்டி ஒவ்வொருவரையும் ஆசீர்வதித்தார். தன்னை எங்கே அடக்கம்பண்ண வேண்டும் என்று தெளிவாய்ச் சொன்னார் (ஆதியாகமம் 49). தாவீது சாலொமோனுக்கு ஆலய வேலையின் மாதிரியையும் பொருள்களையும் உயிரோடிருக்கும்போதே ஒப்படைத்தார் (1 நாளாகமம் 28, 29). நம்முடைய ஆண்டவர் சிலுவையிலே தம்முடைய தாயாரை யோவானுடைய பொறுப்பில் விட்டார் (யோவான் 19:26, 27). அவ்வளவு பாடுகளின் நடுவிலும், அம்மாவுக்கு யார் சோறு போடுவார் என்பதை அவர் மறக்கவில்லை. நாம் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி, மனைவிக்குப் பாஸ்புக் எங்கே இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் போவது ஆவிக்குரிய காரியம் அல்ல.

(உ) காகித வேலை. இதைச் சபையில் பேசலாமா என்று நினைக்க வேண்டாம். பவுல் தன் மரணத்துக்கு முன்னே துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைப் பற்றியும் புத்தகங்களைப் பற்றியும் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:13).

உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும். புத்தி தெளிவாய் இருக்கும்போது எழுதி, இரண்டு சாட்சிகளுக்கு முன்பாகக் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களும் போட வேண்டும். சொத்துப் பெறப்போகிறவரோ, அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாய்க் கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது. பதிவு செய்வது கட்டாயம் அல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பிற்காலத்துச் சண்டை குறையும். பேங்கில் நாமினி பேர் கொடுத்தவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளுகிறவர்தான். உரிமை வாரிசுகளுக்கு.

அடக்கத்தைப் பற்றியும் எழுதி வையுங்கள். நம்மில் பலர் குடும்பத்தில் தனியாய் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். நீங்கள் கண்ணை மூடினபின், சொந்தக்காரர் ஒருமுறையாய்ச் செய்ய வேண்டும் என்பார்கள், சபையார் வேறுமுறையாய்ச் செய்ய வேண்டும் என்பார்கள். பிரேதத்தை வைத்துக்கொண்டு வாசலிலே வாக்குவாதம் நடக்கும். இதிலே சாட்சி கெடுகிறது. உங்கள் விருப்பத்தை உங்கள் அண்ணன், தம்பி, மாமா, மச்சான் எல்லாருக்கும் இப்போதே மரியாதையாய், கோபமில்லாமல் சொல்லிவிடுங்கள். எந்த இடத்தில் அடக்கம்பண்ண அனுமதி உண்டு என்பதையும் விசாரித்து வையுங்கள். சத்தீஸ்கரில் பஸ்தர் பகுதியில் 2025 ஜனவரி 7 அன்று காலமான ஓர் ஊழியருடைய சரீரம், சொந்தக் கிராமத்தில் புதைக்க எதிர்ப்பு வந்ததால் ஏறக்குறைய மூன்று வாரம் சவக்கிடங்கில் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜனவரி 27 அன்று, 20 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிறிஸ்தவர்களுக்கான இடத்தில் அடக்கம்பண்ணும்படி உத்தரவு வந்தது. அந்த மகனுடைய துக்கத்தை நினைத்துப் பாருங்கள். முன்னமே விசாரித்தால் எல்லாத் தடையும் நீங்கிவிடும் என்று சொல்ல முடியாது. குடும்பத்துக்குக் குழப்பமாவது குறையும்.

5. கயிறு பிடிக்கிறவர்கள்

நம்முடைய தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாய் நடந்தது 1961-ல். அதற்குமுன் எத்தனையோ தலைமுறையாய் நடந்த தொழில். குளிக்கிறவர் கல்லின் பாரத்தோடு ஆழத்துக்குப் போவார். படகில் ஒருவர் அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். கீழே இருக்கிறவருக்கு மூச்சு ஒரு நிமிஷம், சற்று அதிகம். அவ்வளவுதான். அவர் கயிற்றை அசைத்ததும் மேலே இருக்கிறவர் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்லுவது உண்டு. அக்காள் தங்கச்சியின் தாலி அல்லவா அந்தக் கயிற்றில் இருக்கிறது! கயிறு பிடிக்கிறவர் வேடிக்கை பார்க்கக் கூடாது. கதை பேசக் கூடாது. கீழே இருக்கிறவர் காட்டுகிற சைகையைக் கவனிப்பதே அவர் வேலை.

மரணத்தறுவாயில் இருக்கிற விசுவாசியின் பக்கத்தில் நம்முடைய வேலையும் அதுதான். நமக்குத் தோன்றினதைப் பேசிவிட்டு வருவது அல்ல, அவர் என்ன சைகை காட்டுகிறார் என்று கவனிப்பது. அவர் சுகத்துக்காக ஜெபிக்கச் சொன்னால் விசுவாசத்தோடு ஜெபியுங்கள். மரணத்தைப் பற்றிப் பேச விரும்பினால் உட்கார்ந்து கேளுங்கள். "என்னம்மா சொல்லணும்? சொல்லுங்க, நான் கேட்கிறேன்" என்று ஒரு வார்த்தை போதும். அவர் பாவ அறிக்கை செய்தால் அதை வெளியே பேசாதீர்கள். அவர் பயப்பட்டால் கடிந்துகொள்ளாதீர்கள். கெத்செமனேயில் நம்முடைய ஆண்டவரே வியாகுலப்பட்டார், தம்மோடு விழித்திருக்கும்படி மூன்று பேரைக் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். நாம் தூங்கக் கூடாது.

வலியைக் குறைக்கிற மருந்து எடுப்பது அவிசுவாசம் அல்ல. வேதனை தாங்காமல் துடிக்கிறவர் நிம்மதியாய் ஜெபிக்க முடியாது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கின "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய்வலி தணிக்கிற சேவையும் சேர்க்கப்பட்டது. உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். இரவு முழுதும் தூங்காமல் பார்த்துக்கொள்ளுகிற மகளுக்கு, மருமகளுக்கு ஓய்வு கொடுக்கும்படி, சகோதரிகள் முறைவைத்து ஒரு ராத்திரி உட்காருங்கள். அரை மணி நேர ஜெபத்தைவிட அந்த வீட்டுக்கு அது சில நாளில் பெரிய ஊழியமாய் இருக்கும்.

பேச்சு நின்றுபோனவர் பக்கத்திலும் கவனமாய்ப் பேசுங்கள். 2020-ல் கனடாவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், பதில் சொல்ல முடியாத நிலையில் கடைசி மணி நேரங்களில் இருந்த சிலருடைய மூளை சத்தத்தைக் கேட்டு உணர்வதற்கான அடையாளம் காட்டியது என்று கண்டார்கள். ஆகையால் கட்டிலைச் சுற்றி நின்று, "இன்னிக்கு ராத்திரி தாண்டாது", "பெட்டிக்குச் சொல்லியாச்சா" என்று பேச வேண்டாம். காதண்டையில் மெதுவாய் சங்கீதம் 23-ஐச் சொல்லுங்கள். அவருக்குப் பிரியமான பாட்டைப் பாடுங்கள். பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லட்டும்.

அவர் போனபின், அழுகிறவர்களை அழ விடுங்கள். லாசருவை எழுப்பப் போகிறேன் என்று தெரிந்தும் இயேசு கல்லறையண்டை கண்ணீர் விட்டார். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் 1 தெசலோனிக்கேயர் 4:13 சொல்லுகிறது. துக்கிக்கவே கூடாது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் சிந்திக்க

1. இன்று ராத்திரி கர்த்தர் என்னை அழைத்தால், நான் பேசித் தீர்க்காமல் விட்டுப்போகிற ஆள் யார்?

2. எசேக்கியாவைப்போல் எனக்கும் கூட்டிக் கொடுக்கப்பட்ட வருஷங்கள் உண்டா? அதில் என் வீட்டில் எது ஒழுங்காயிற்று?

3. நம் தெருவில் படுக்கையில் இருக்கிறவர் யார்? அவர் பேசுவதைக் கேட்க இந்த வாரம் யார் போவது? ஒரு ராத்திரி யார் உட்காருவது?

4. என் கடன், என் காகிதம், என் அடக்கம் இவைகளைப் பற்றி என் வீட்டாருக்கு என்ன தெரியும்?

ஜெபம்

அன்பின் பரலோக பிதாவே, எங்கள் நாட்கள் உம்முடைய கரத்தில் இருக்கிறதற்காக ஸ்தோத்திரம். நீர் கொடுக்கிற வருஷங்களை வீணாக்காதபடி எங்களுக்குப் புத்தி தாரும். வியாதியில் இருக்கிற எங்கள் சகோதர சகோதரிகளைத் தொட்டுச் சுகமாக்கும். புறப்பட வேண்டியவர்களைப் பயம் நீக்கி நடத்தும். அவர்கள் பக்கத்தில் தூங்காமல் உட்காருகிற கிருபையை எங்களுக்குத் தாரும். இன்றைக்கே மன்னிக்கவும், இன்றைக்கே கடனைத் தீர்க்கவும், இன்றைக்கே எங்கள் வீட்டை ஒழுங்குசெய்யவும் உதவி செய்யும். எங்கள் ஆவியை இந்த ராத்திரியிலும் உம்முடைய கையில் கொடுக்கிறோம். மரணத்தை ஜெயித்து எழுந்த இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.